இரு களம் கண்ட இராமசாமி

விளையாட்டில் ஒரு துறையில் சிறந்து விளங்குதலே அரிது. இரு துறைகளில் நாட்டின் சார்பாக நின்று ஆடுதல் அதனினும் அரிது. டேவிஸ் கோப்பை டென்னிஸ் போட்டியிலும் டெஸ்ட் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக ஆடிய பெருமை ஒருவருக்கே உரியது. அவர் சென்னையைச் சேர்ந்த கோட்டா இராமசாமி ஆவார்.

இராமசாமி 1896ஆம் ஆண்டு சூன்த் திங்கள் 16ஆம் நாள் பிறந்தார். தந்தையார் புச்சிபாபு நாயுடு. அவருடைய முன்னோர், சென்னைத் துறைமுகத்தை அடுத்த பாரி வணிக நிலையத்தில் துபாசியாகப் பணியாற்றிப் பொருள் ஈட்டியவர். ஆங்கில வணிகருக்கும் நம் நாட்டவருக்கும் இடையே நின்று, மொழியறிந்து வாணிகத்தை முடித்துத் தருபவரே துபாசி எனப்பட்டார். தாய்வழிப் பாட்டனார் இராமசாமியைத் தத்து எடுத்துக்கொண்டமையால், கோட்டா என்னும் குடிப்பெயர் அவருக்கு அமைந்தது.

அக்காலத்தில் சென்னைக் கிரிக்கெட் கழகம் ஐரோப்பியருக்கே உரியதாய் இருந்தது. அவர்கள் மாளிகையில் அமர்ந்து உண்ண, எதிர்த்து ஆடும் இந்தியருக்கு மரநிழலே உணவுக் கூடமாயிற்று. இவ்விழிவைப் பொறாத புச்சிபாபு, 1888ஆம் ஆண்டில் சென்னை ஐக்கியக் கழகத்தை நிறுவினார்; ஏழை இளைஞர்க்கும் மட்டையும் பந்தும் உடையும் வழங்கிப் பயிற்றுவித்தார். இந்தியரும் ஐரோப்பியரும் சமமாக நின்று ஆடும் போட்டி ஒன்றை 1908ஆம் ஆண்டில் ஏற்பாடு செய்தார். ஆயினும், அதனைக் கண்ணாரக் காணும் முன்பே தம் நாற்பதாம் வயதில் உயிர் நீத்தார். அப்போது இராமசாமிக்கு வயது பன்னிரண்டு.

தந்தை மறைந்தும் அவர் மூட்டிய ஆர்வம் மறையவில்லை. மைந்தர் மூவரும் ஆட்டத்தில் வல்லவராயினர். இராமசாமி இடக்கையால் மட்டை பிடித்து ஆடுபவர். தந்தையார் கனவு கண்ட போட்டி பிற்காலத்தில் பொங்கல் நாளையொட்டி ஆண்டுதோறும் நடைபெறலாயிற்று; அதில் இந்தியர் அணியில் அவரும் ஆடினார்.

பின்னர் மேற்படிப்பிற்காக இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்றார். ஆங்கு டென்னிஸ் ஆட்டத்தில் பெயர் பெற்றார். 1922ஆம் ஆண்டில் டேவிஸ் கோப்பைக்கான இந்திய அணியில் இடம் பெற்று, பைசி என்பாருடன் இணைந்து இரட்டையர் ஆட்டம் ஆடினார். அவ்வாண்டு இந்தியா ருமேனியாவை வென்றது. அடுத்து ஸ்பெயினிடம் தோற்றது. தாயகம் திரும்பிய இராமசாமி, வேளாண்மைத் துறையில் அரசுப் பணி மேற்கொண்டார். பணிக்கு இடையிலும் பயிற்சியைக் கைவிட்டாரில்லர்.

ஆண்டுகள் பல சென்றன. 1936ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்ற இந்தியக் கிரிக்கெட் அணியில் அவர் இடம் பெற்றார். இளைஞர் நடுவே அவர் முதியவர். முதல் டெஸ்டில் அவருக்கு வாய்ப்புக் கிட்டவில்லை. சூலைத் திங்களில் மான்செஸ்டர் நகரில் நடந்த இரண்டாம் டெஸ்டில் களம் இறங்கினார். அன்று அவருக்கு நாற்பது வயது நிறைந்து ஒரு திங்களே ஆகியிருந்தது. இங்கிலாந்து இந்தியாவை 203 ஓட்டங்களில் ஆட்டம் இழக்கச் செய்து, பின்னர் எட்டு விக்கெட்டுகளுக்கு 571 ஓட்டங்கள் குவித்தது. தோல்வி உறுதி என்று தோன்றிய அந்நிலையில், இரண்டாம் முறை ஆடிய இந்தியா ஐந்து விக்கெட்டுகளுக்கு 390 ஓட்டங்கள் எடுத்துத் தோல்வியைத் தவிர்த்தது. மெர்ச்சன்ட்டும் முஷ்டாக் அலியும் நூறு கடந்து வழிகாட்டினர். இராமசாமி முதலில் 40, பின்னர் 60 ஓட்டங்கள் எடுத்துத் துணை நின்றார். அடுத்து ஓவல் களத்தில் 29 ஓட்டங்களும், ஆட்டம் இழவாது 41 ஓட்டங்களும் எடுத்தார். அவர் ஆடிய டெஸ்டுகள் இவ்விரண்டே. ஆயினும் அவருடைய சராசரி ஐம்பத்தாறுக்கும் மேற்பட்டது.

பின்னாளில் இந்திய அணியின் மேலாளராக மேற்கிந்தியத் தீவுகளுக்கும் சென்றார். முதுமையில், 1985ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஒரு நாள் வீட்டினின்றும் புறப்பட்டவர் மீண்டு வந்தாரில்லர். தேடியும் அவரைக் காண இயலவில்லை.

எந்த வயதில் தந்தையின் வாழ்வு முடிந்ததோ, அந்த வயதில்தான் மைந்தரின் ஆற்றலை உலகம் அறிந்தது. வாய்ப்பு எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. வரும்போது ஆயத்தமாய் இருத்தலே நம் கடமை. இதற்கு இராமசாமியின் வாழ்க்கை நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.