ரூபாய்க்கு ஒரு படி

வாலாஜாபாத்திலிருந்து காஞ்சிபுரம் போற ரோட்டில் ஐயம்பேட்டை வரும். தெருவுக்குள் நுழைஞ்சா தறிச் சத்தம்தான். அங்கிருந்து பஸ் ஏறினா கொஞ்ச நேரத்தில் காஞ்சிபுரம். அந்த ஊரில், ஒரு நெசவாளர் குடும்பத்தில், 1909 செப்டம்பர் 15-இல் பிறந்தவர் பெயரைத்தான் செமஸ்டர் ரிசல்ட் வரும்போதெல்லாம் நாம பயத்தோடு பார்க்கிறோம். அண்ணா!

சின்னம்மா ராசாமணிதான் வளர்த்தார். வீட்டில் பணம் இல்லை. படிப்பைக் கொஞ்ச காலம் நிறுத்திட்டு காஞ்சிபுரம் நகராட்சியில் குமாஸ்தாவாக வேலை பார்த்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, பொருளாதாரமும் அரசியலும் படித்து எம்.ஏ. வாங்கினார். 1949-இல் தி.மு.க.வைத் தொடங்கினார். 1953-இல் கைத்தறித் துணி விற்காமல் தேங்கி நெசவாளர்கள் பட்டினி கிடந்தபோது, துணியைத் தோளில் போட்டுக்கிட்டு திருச்சித் தெருக்களில் விற்றார். அப்படிப்பட்டவரை 1962 தேர்தலில் சொந்த ஊர் காஞ்சிபுரமே தோற்கடிச்சது. அரசியல் அப்படித்தான்.

1967 மார்ச் 6 அன்று முதலமைச்சர் ஆனார். எனக்குப் பிடிச்ச அண்ணா இங்கிருந்துதான் வர்றார். மேடையில் பேசினவர் இப்போ கோப்பில் கையெழுத்துப் போடணும்.

முதலில் சுயமரியாதைத் திருமணச் சட்டம். 1920-களிலிருந்து ஐயர் இல்லாமல் நடந்த கல்யாணங்களைக் கோர்ட் ஏற்கவில்லை. அந்தத் தம்பதிகளின் பிள்ளைகளுக்குச் சொத்துரிமையே கேள்வியாக இருந்தது. அண்ணா அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ, ஏதாவது ஒன்று போதும். நம்ம பாஷையில் சொன்னா, ஆண்ட் கேட் இல்லை, ஆர் கேட். முன்னாடி நடந்த கல்யாணங்களும் செல்லும்னு எழுதியிருந்ததால், பல வருஷமாகக் குடும்பம் நடத்தினவர்கள் ஒரே நாளில் சட்டப்படி கணவன் மனைவி ஆனார்கள். இதுக்கு லாரி வேண்டாம், குடோன் வேண்டாம், பட்ஜெட் வேண்டாம்.

அரிசி அப்படியில்லை. பஞ்சமும் ரேஷனும் மக்களை வாட்டிய நேரம் அது. ரூபாய்க்கு மூன்று படி இலக்கு, ஒரு படியாவது உறுதி என்றுதான் கட்சி ஓட்டுக் கேட்டது. 1967 மே மாதம் சென்னையிலும் கோவையிலும் ஒரு படி அரிசி ஒரு ரூபாய்க்கு வந்தது. அடுத்தது மற்ற ஊர்கள்தானே? வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருந்த பள்ளத்தை மாநில கஜானாவால் நிரப்ப முடியவில்லை. மத்திய அரசும் கை கொடுக்கவில்லை. மதுவிலக்கை எடுத்தால் காசு வரும். அதை அவர் செய்யவில்லை. அரிசிக்கு ஓட்டுப் போட்ட ஐயம்பேட்டை மாதிரி ஊர்கள் காத்துக்கிட்டே இருந்தன.

இதைத் தோல்வின்னு ஒரே வார்த்தையில் முடிக்க எனக்கு மனசு வரலை. அதே 1967-இல் தான்சானியாவில் ஜூலியஸ் நைரேரே அருஷா பிரகடனத்தை அறிவித்தார். கூட்டுறவு கிராமங்கள், சுயசார்பு என்று அருமையான கனவு. 1970-களில் அதை நடைமுறைப்படுத்த மக்களைக் கட்டாயப்படுத்திக் குடியேற்றினார்கள், விவசாயம் அடி வாங்கியது. ஆப்பிரிக்காவில் புதுசாக விடுதலை பெற்ற பல அரசுகளுக்கும் இதே தலைவலிதான், அறிவிப்பு முன்னாடி ஓடும், ஆளும் பணமும் பின்னாடி நொண்டும். அண்ணா இரண்டு ஊரோடு நின்றார். வாக்குத் தவறிட்டார்னு எதிர்க்கட்சி சொன்னதையும் கேட்டுக்கொண்டார்.

அவருக்கு நேரமும் இல்லை. 1968-இல் புற்றுநோய்க்கு நியூயார்க்கில் அறுவை சிகிச்சை நடந்தது. 1969 ஜனவரி 14 அன்று மெட்ராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆனது. பிப்ரவரி 3-இல் அவர் இறந்தார். ஆட்சியில் இருந்தது இரண்டு வருஷம்கூட இல்லை.

1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. நெல் கொள்முதல், குடோன், ரேஷன் கடைன்னு ஒவ்வொன்றாகக் கட்டினார்கள். 2008-இல், அண்ணாவின் நூற்றாண்டு தொடங்கிய செப்டம்பர் 15 அன்று, மாநிலம் முழுக்க ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆனது. 2011-இலிருந்து அது இலவசம். ஐயம்பேட்டை ரேஷன் கடைக்கும் அந்த அரிசிதான் வருது.