ஃபிராங்கன்ஸ்டைன் பூதமாக நடித்தவருக்கு இந்திய வேரா? போரிஸ் கார்லாஃப் வாழ்க்கையும், தொலைந்து மீண்ட படங்களும்

தட்டையான மண்டை, கழுத்தில் இரண்டு பக்கமும் போல்ட், பாதி மூடிய கண். இந்த முகத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. டி-ஷர்ட்டில், கார்ட்டூனில், வாட்ஸ்அப் ஸ்டிக்கரில் எல்லாம் சுற்றுகிற ஃபிராங்கன்ஸ்டைன் பூதம் இதுதான். ஆனா அந்த மேக்கப்புக்குள்ள இருந்த மனுஷன் யாரு? அவருக்கும் இந்தியாவுக்கும் என்ன சம்பந்தம்? அவர் ஐரோப்பாவில் நடித்து மறந்துபோன படங்கள் எப்படி வீட்டு டிவி வரைக்கும் வந்து சேர்ந்தன? பார்ப்போம்.

யார் இந்த போரிஸ் கார்லாஃப்?

உண்மையான பெயர் வில்லியம் ஹென்றி பிராட். 1887 நவம்பர் 23-ம் தேதி லண்டனில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் கடைசி. அப்பா எட்வர்ட் பிராட், பிரிட்டிஷ் இந்தியாவின் உப்பு வருவாய்த் துறையில் அதிகாரியாக இருந்தவர். குடும்பத்தில் இந்திய ரத்தம் கலந்திருந்தது. இன்றைய வழக்கில் சொன்னால், ஆங்கிலோ இந்தியர்கள். சயாம் அரண்மனையில் ஆசிரியையாக இருந்து உலகப் புகழ்பெற்ற அன்னா லியோனொவன்ஸ், கார்லாஃபின் பாட்டிக்கு உடன்பிறந்தவர்.

உப்புத் துறை என்றதும் முத்துப்பேட்டைக்காரர்களுக்குப் பக்கத்து ஊரான வேதாரண்யம்தான் ஞாபகம் வரும். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் நடந்து வந்தவர்கள், டெல்டா கிராமங்களைக் கடந்து வேதாரண்யத்தில் எந்தச் சட்டத்தை மீறி உப்பு அள்ளினார்களோ, அந்த வரியை வசூலித்த அரசு அமைப்பில்தான் பிராட் சம்பளம் வாங்கினார். அவர் வேலை பார்த்தது பம்பாய் மாகாணத்தில். வேதாரண்யத்துக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனா இந்தக் குடும்பத்தின் சோறும் படிப்பும் இந்திய உப்பிலிருந்து வந்தது என்பது உண்மை.

வீட்டை விட்டுக் கிளம்பியது ஏன்?

பெற்றோர் நிழல் அதிக நாள் இல்லை. மூத்தவர்கள்தான் வில்லியமை வளர்த்தார்கள். அண்ணன்களில் சிலர் அரசுப் பணியில் பெரிய ஆட்கள். ஓர் அண்ணன் ஜான் பிராட் வெளியுறவுத் துறையில் உயர்ந்து சர் பட்டம் வாங்கியவர். தம்பியும் தூதரக வேலைக்குப் போவான் என்று வீடு எதிர்பார்த்தது. தம்பிக்கோ நாடகப் பைத்தியம். பேச்சில் திக்கல் வேறு. திக்கலைப் பழகிப் பழகிச் சரிசெய்தார். ஆனா 'ஸ' உச்சரிப்பில் இருந்த சின்னக் குழறல் கடைசி வரை போகவே இல்லை.

1909-ல், 21 வயதில் கனடாவுக்குக் கப்பல் ஏறினார். நம்ம ஊரில் சபுர் போவது என்று சொல்வோமே, அதேதான். பண்ணையில் கூலி வேலை செய்தார், மண் வெட்டினார். பிறகு ஊர் ஊராகப் போகும் நாடகக் குழு ஒன்றில் சேர்ந்தார். அங்கேதான் போரிஸ் கார்லாஃப் என்ற பெயர் வந்தது. கார்லாஃப் என்பது தாய்வழிக் குடும்பப் பெயர் என்று அவர் சொல்லிவந்தார். அவர் மகள் பின்னாளில் தேடிப் பார்த்தும் அப்படி ஒரு பெயர் குடும்பத்தில் அகப்படவில்லை.

ஊரில் இருப்பவர்களுக்கு என்ன வேலை பார்க்கிறோம் என்று முழுசாகச் சொல்ல முடியாத வாழ்க்கை வெளிநாடு போன பலருக்குத் தெரியும். கார்லாஃப் அதைப் பல வருஷம் வாழ்ந்தார்.

ஹாலிவுட்டில் என்ன நடந்தது?

மௌனப் பட காலத்தில் அவர் நிறம்தான் அவருக்குக் கிடைத்த வேஷங்களைத் தீர்மானித்தது. கொஞ்சம் மாநிறம் என்பதால் இந்தியப் பூசாரி, அரபு ஷேக், அடியாள் என்று துண்டு துண்டான வேஷங்கள். பிறப்பால் எந்த நாட்டு ரத்தத்தை அவர் வெளியே பேசவில்லையோ, அந்த நாட்டுக்காரனாகவே திரையில் நின்றார். படம் இல்லாத நாட்களில் லாரி ஓட்டினார்.

1931-ல் இயக்குநர் ஜேம்ஸ் வேல் அவரை ஃபிராங்கன்ஸ்டைனின் பூதமாகத் தேர்ந்தெடுத்தார். அதற்கு முன்பே சுமார் 80 படங்களில் அவர் தலைகாட்டியிருந்தார். ஆனா பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. வயது 44-ஐ நெருங்கியிருந்தது. தினமும் மேக்கப்புக்கே மணிக்கணக்கில் உட்கார வேண்டும். படத்தின் தொடக்க டைட்டிலில் பூதத்தின் பெயருக்கு எதிரே கேள்விக்குறி மட்டும்தான் போட்டார்கள். படம் வந்த பிறகு உலகமே அந்தக் கேள்விக்குறியைத் தேடியது.

பூதத்துக்கு வசனமே கிடையாது. கண்ணாலும் கையாலும் மட்டும் அதை ஒரு அநாதைக் குழந்தை போல ஆக்கினார் கார்லாஃப். பயப்பட வந்த ஜனங்கள் பரிதாபப்பட்டுப் போனார்கள். படத்தின் வெற்றிக்குக் காரணம் இதுதான்.

படப்பிடிப்பில் நேரம் காலம் இல்லாமல் உழைத்த அனுபவம் அவரைச் சும்மா விடவில்லை. 1933-ல் நடிகர்கள் சங்கம் தொடங்கியபோது முதல் வரிசை உறுப்பினர்களில் அவரும் ஒருவர். அந்த நேரத்தில் ஸ்டூடியோக்களைப் பகைப்பது பிழைப்பைப் பணயம் வைக்கிற வேலை.

அண்ணன்கள் என்ன சொன்னார்கள்?

1933-ல் 'தி கூல்' படத்துக்காக லண்டன் திரும்பினார். ஊரை விட்டுப் போய் 24 வருஷம். பூத வேஷம் போட்டுச் சம்பாதிக்கும் தம்பியைப் பெரிய மனுஷ அண்ணன்கள் எப்படிப் பார்ப்பார்களோ என்று உள்ளுக்குள் பயம். நடந்தது வேறு. பத்திரிகைக்காக ஒரு போட்டோ எடுக்கலாமா என்று தயங்கிக் கேட்டிருக்கிறார். அண்ணன்கள் யார் எங்கே நிற்பது என்று தங்களுக்குள் போட்டி போட்டார்களாம். தன் வாழ்க்கையின் சந்தோஷமான தருணங்களில் ஒன்றாக இதை அவர் கடைசி வரை சொல்லிவந்தார்.

அந்த ஐரோப்பியப் படங்கள் எவை?

அமெரிக்கப் படங்களின் புகழில் இவை மறைந்துபோயின.

'தி கூல்' (1933): எகிப்திய மாணிக்கத்தோடு புதைக்கப்பட்ட பேராசிரியர், அது திருடுபோனதும் கல்லறையிலிருந்து எழுந்து வருகிறார். இந்தப் படமே பல வருஷம் காணாமல் போயிருந்தது. கார்லாஃப் இறந்த 1969-ல்தான் செக்கோஸ்லோவாக்கியாவில் ஒரு தேய்ந்த பிரதி கிடைத்தது. 1980-களில் பிரிட்டனில் நல்ல நெகட்டிவ் கிடைத்து, பிறகு டிவிடியாக வந்தது.

'தி ஹான்ட்டட் ஸ்ட்ராங்ளர்', 'காரிடார்ஸ் ஆஃப் பிளட்': இரண்டும் 1958-ல் இங்கிலாந்தில் எடுத்தவை. இரண்டாவது படத்தில் வலியில்லாமல் அறுவை சிகிச்சை செய்ய மருந்து தேடி, அந்த மருந்துக்கே அடிமையாகும் டாக்டர் வேஷம். கூடவே அப்போது வளர்ந்துகொண்டிருந்த கிறிஸ்டோபர் லீ. இரண்டையும் 2007-ல் கிரைட்டீரியன் நிறுவனம் ஒரே டிவிடி பெட்டியில் சேர்த்து வெளியிட்டது.

'பிளாக் சாபத்' (1963): இத்தாலிய இயக்குநர் மாரியோ பாவாவின் மூன்று கதைப் படம். புகழ்பெற்ற ராக் இசைக் குழுவுக்குப் பெயர் கொடுத்தது இந்தப் படம்தான். இத்தாலியப் பதிப்பில் கார்லாஃப் முகம் இருக்கும், குரல் வேறொருவருடையது. அமெரிக்கப் பதிப்பில் அவர் குரல் இருக்கும், ஆனா கதைகளின் வரிசையும் இசையும் மாறியிருக்கும். இரண்டையும் பார்த்தால்தான் முழுப் படம் கிடைத்த மாதிரி. ஆரோ நிறுவனத்தின் ப்ளூ-ரே இரண்டு பதிப்பையும் சேர்த்தே கொடுத்தது.

'தி சார்சரர்ஸ்' (1967): இளைஞன் ஒருவனின் மனதைக் கட்டுப்படுத்தும் வயதான தம்பதி. படத்தை எடுத்தபோது இயக்குநர் மைக்கேல் ரீவ்ஸுக்கு வயது 23. கார்லாஃப் இறந்த ஒன்பதாம் நாள் அவரும் இறந்துபோனார்.

'கால்ட்ரன் ஆஃப் பிளட்': ஸ்பெயினில் எடுத்தது. கண் தெரியாத சிற்பி வேஷம். கார்லாஃப் இறந்த பிறகுதான் தியேட்டருக்கு வந்தது.

கடைசி நாட்கள் எப்படி இருந்தன?

முதுகு வலி, மூட்டு வலி, நுரையீரல் கோளாறு. கடைசிக் காலத்தில் சக்கர நாற்காலியும் ஆக்சிஜனும் பக்கத்திலேயே இருந்தன. 1968-ல் நான்கு மெக்சிகோ படங்களுக்கு ஒப்புக்கொண்டார். மெக்சிகோ போக உடம்பு இடம் தரவில்லை. அவர் வரும் காட்சிகளை மட்டும் லாஸ் ஏஞ்சல்ஸில் எடுத்தார்கள். வேலை இருக்கும் வரைதான் உயிர் என்று நினைத்த மனுஷன். 1969 பிப்ரவரி 2-ம் தேதி இங்கிலாந்தில் காலமானார். வயது 81.

இது நமக்கு ஏன் முக்கியம்?

ஒரு தேதியைப் பாருங்க. ஃபிராங்கன்ஸ்டைன் அமெரிக்காவில் வெளியானது 1931 நவம்பர் 21. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' சென்னையில் வெளியானது 1931 அக்டோபர் 31. மூன்றே வார இடைவெளி. காளிதாஸின் கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி நம்ம டெல்டாவின் திருவையாற்றில் பிறந்தவர்.

ஃபிராங்கன்ஸ்டைனை இன்றைக்கும் போனிலேயே பார்க்கலாம். பூதம் சிறுமியைக் குளத்தில் எறியும் காட்சியில் அன்று வெட்டிய துண்டைக்கூட 1980-களில் தேடிப் பிடித்துப் படத்தோடு சேர்த்துவிட்டார்கள். காளிதாஸின் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. ராஜலட்சுமி அந்தப் படத்தில் எப்படிப் பேசினார், எப்படிப் பாடினார் என்று கேட்க நமக்கு இன்று வழியே இல்லை.

கார்லாஃபின் சுமாரான படங்கள்கூடத் தப்பியதற்குக் காரணம், எங்கோ ஒரு கிடங்கில் யாரோ ஒருவர் ஃபிலிம் டப்பாவைக் குப்பையில் போடாமல் வைத்திருந்ததுதான். முத்துப்பேட்டையில் சபுர் போய் வந்தவர்கள் டெக்கோடு கொண்டு வந்த கேசட்டுகள் இன்னும் சில வீட்டுப் பரணில் கிடக்கும். அதில் கல்யாண வீடியோ இருக்கலாம், எங்கேயும் கிடைக்காத ஒரு பழைய படமும் இருக்கலாம். பரண் சுத்தம் பண்ணும்போது தூக்கிப் போடுவதற்கு முன்னால், ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுங்க.