மரக்காணத்துக்கு அப்பால், ஆழத்தில்: ஆல்காக்கும் பிரிட்டில் ஸ்டாரும்

திண்டிவனத்திலிருந்து கிழக்கே போனால் மரக்காணம். விழுப்புரம் மாவட்டத்தின் கடலோர ஊர். அதே வங்கக்கடலின் ஆழத்தைத் துழாவியவர் ஆல்ஃபிரட் ஆல்காக் (1859-1933), ராணுவ டாக்டர். 1888-ல் 'இன்வெஸ்டிகேட்டர்' கப்பலில் சேர்ந்தார். அந்தக் கப்பலின் வேலை கடலை அளப்பது. உயிரினம் தேடி வலை போடுறதெல்லாம் கிடைத்த இடைவேளையில்தான்.

வலையில் பிரிட்டில் ஸ்டார்களும் வந்தன. நட்சத்திர மீனுக்குச் சொந்தம். பாம்பு மாதிரி நெளியும் ஐந்து கைகளால் அடிச்சேற்றில் நகரும், மேலிருந்து விழும் துணுக்குகளைத் தின்னும். பிடித்தால் கையை ஒடித்துவிட்டுத் தப்பிக்கும். கை திரும்ப முளைக்கும். இதைச் சேற்றோடு இழுத்தால் முழுசாவா வரும்? தேறியவற்றைப் பிரான்ஸின் ரெனே கோலெர் ஆராய்ந்தார்; அவரது நூல் 1899-ல் கல்கத்தாவில் வெளியானது.

1893 முதல் கல்கத்தா மியூசியத்தை நடத்திய ஆல்காக், பிறகு லண்டனில் மருத்துவர்களுக்குப் பூச்சிகளைப் பற்றிப் பாடம் எடுத்தார்.