நைல் தேடிப் போனவர் நுவரெலியாவில் பீர் காய்ச்சிய கதை: யார் இந்த சாமுவேல் பேக்கர்?

உள்ளூரிலேயே சின்ன அளவில் காய்ச்சும் ‘கிராஃப்ட் பீர்’ இப்போ டிரெண்ட். இலங்கை மலையில் அதை 1849-லேயே தொடங்கியவர் என்று பெயர் வாங்கியவர் சாமுவேல் பேக்கர்.

1821-ல் லண்டனில் பிறந்தவர், 1846-ல் இலங்கை வந்தார். கடும் காய்ச்சலில் விழுந்து, உடம்பு தேற நுவரெலியா போனார். குளிர் பிடித்துப்போக, இங்கிலாந்திலிருந்து மாடு, ஆடு, விதை, கொல்லர் என எல்லாத்தையும் கப்பலில் கொண்டுவந்து பண்ணை போட்டார். கால்நடைகள் பல செத்தும் மனுஷன் அசரலை.

1855-ல் ஊர் திரும்பியவர், 1864-ல் நைல் நதியின் மூலத்தைத் தேடி ஆப்பிரிக்காவின் ஆல்பர்ட் ஏரியை எட்டினார். ‘சர்’ பட்டமும் கிடைத்தது. 1893-ல் மறைந்தார்.

நுவரெலியாவில் 1881-ல் வணிக ஆலை வந்தது. அதன் வழிவந்ததுதான் இன்றைய லயன் பீர். அதன் கறுப்பு ஸ்டவுட்டை உலகின் பீர் ரசிகர்களிடம் கொண்டுபோனவர், பிரிட்டிஷ் பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன். பாடகர் இல்லை, இவர் வேற!