மேத்ஸ் வாத்தியார் லைப்ரரியன் ஆன கதை: எஸ்.ஆர்.ரங்கநாதனின் வாழ்க்கை மாறியது எப்படி?

மேத்ஸ் படிச்சா அடுத்து என்ன? பி.எட் முடிச்சு டீச்சர் ஆகணும், இல்லைன்னா பேங்க் எக்ஸாம் எழுதணும். பல வீடுகளில் பேச்சு இதைத் தாண்டிப் போவதில்லை.

சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பு, கணிதத்தில் எம்.ஏ. முடித்துக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒருவர், தனக்குக் கொஞ்சமும் பழக்கமில்லாத வேலைக்குப் போனார். போன சில வாரங்களிலேயே திரும்பி வந்துவிடவும் பார்த்தார். இந்திய நூலகத் துறையின் தந்தை என்று இன்று கொண்டாடப்படுவது அவர்தான்.

யார் இந்த ரங்கநாதன்?

1892-ல் சீர்காழியில் பிறந்தவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்தார். பிறகு எல்.டி. என்ற ஆசிரியர் பயிற்சி. இன்றைய பி.எட் மாதிரி. பேச்சில் திக்கல் இருந்தும் அதைச் சமாளித்து ஆசிரியர் ஆனார். 1917 முதல் மங்களூரு, கோவை அரசுக் கல்லூரிகளில் பாடம் எடுத்துவிட்டு, சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார்.

வேலை பிடித்திருந்தது. ஆனா சம்பளம் குறைவு.

வேண்டா வெறுப்பாக ஒரு அப்ளிகேஷன்

அந்த நேரத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் நூலகர் பதவிக்கு ஆள் தேடியது. சம்பளம் அதிகம் என்பதால் ரங்கநாதனும் விண்ணப்பித்தார். பிறகு அதை மறந்தே போனார்.

திடீரென்று இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்தது. நூலகம் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், சில நாட்களுக்கு முன் கலைக்களஞ்சியத்தில் படித்த ஒரு கட்டுரை மட்டும்தான். ஆனால் விண்ணப்பித்த மற்றவர்களும் முறையாக நூலகவியல் படித்தவர்கள் இல்லை. ரங்கநாதனிடம் சில ஆய்வுக் கட்டுரைகள் இருந்தன. அது கைகொடுத்தது. 1924 ஜனவரியில் வேலையில் சேர்ந்தார்.

சேர்ந்ததும் வந்த சிக்கல்

வகுப்பறையில் மாணவர்களோடு இருந்தவருக்கு, ஆள் நடமாட்டம் இல்லாத நூலகத்தில் உட்காரவே முடியவில்லை. சில வாரங்களில், பழைய வேலையே வேணும்னு போய் நின்றார்.

அப்போது ஒரு ஏற்பாடு செய்யப்பட்டது. லண்டன் போய் நூலகவியல் படித்துவிட்டு வர வேண்டும். அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் கணித ஆசிரியர் வேலை அவருக்குத்தான்.

லண்டனில் என்ன நடந்தது?

யுனிவர்சிட்டி காலேஜில் படித்தார். ஏராளமான நூலகங்களை நேரில் பார்த்தார். புத்தகங்களை வகைப்படுத்தும் முறைகளில் கணக்குப் போட்ட மூளைக்குப் பல ஓட்டைகள் தெரிந்தன.

ஒருநாள் கடையில் மெக்கானோ என்ற பொம்மையைப் பார்த்தார். சில துண்டுகள், நட்டு, போல்ட். மாற்றி மாற்றிப் பூட்டினால் விதவிதமான உருவம் வரும். புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டுகளாகப் பிரித்து இணைத்தால் என்ன என்று தோன்றியது.

உதாரணத்துக்கு, தஞ்சாவூரில் நெல் நோய் தடுப்பு பற்றி ஒரு புத்தகம் என்று வையுங்கள். வேளாண்மை, நெல், நோய், தடுப்பு, இடம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. எல்லாம் சேர்ந்தால் அந்தப் புத்தகத்துக்கான எண் ரெடி. துண்டுகளை இணைக்க முக்காற்புள்ளியைப் பயன்படுத்தியதால் இதற்குக் கோலன் பகுப்பு முறை என்று பெயர். 1933-ல் நூலாக வெளிவந்தது.

1925-ல் சென்னை திரும்பியவர் பழைய வேலையைக் கேட்கவே இல்லை.

கணக்கு கைவிட்டதா?

இல்லை. வடிவியலில் சில அடிப்படை விதிகளில் இருந்து எல்லாவற்றையும் வருவிப்பது போல, நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்தார். புத்தகம் பூட்டி வைக்க இல்லை, படிக்கத்தான் என்பது முதல் விதியின் சாரம். 1931-ல் வெளியான அந்த நூல் இன்றும் நூலகவியல் மாணவர்களுக்குப் பாடம். 1948-ல் வந்த சென்னை பொது நூலகச் சட்டத்துக்குப் பின்னாலும் அவர் உழைப்பு இருக்கிறது. கணித மேதை ராமானுஜன் பற்றி 1967-ல் ஒரு புத்தகமும் எழுதினார்.

1957-ல் பத்மஸ்ரீ பெற்ற ரங்கநாதன், 1972-ல் காலமானார். ஆகஸ்ட் 12 அவர் நினைவாக நூலகர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

இன்றைய மாணவர்களுக்கு என்ன?

எந்தப் பட்டம் முடித்தவர்களும் நூலகவியலில் இளநிலைப் பட்டம் சேரலாம். மேத்ஸ், காமர்ஸ் என்ற தடையில்லை.

ஆனா ரங்கநாதன் கதை லைப்ரரி கோர்ஸோடு முடிவதில்லை. முதல் சில வாரங்களை மட்டும் வைத்து அவர் முடிவெடுத்திருந்தால், இன்னொரு நல்ல கணித ஆசிரியர் கிடைத்திருப்பார், அவ்வளவுதான். திரும்பி வர வழி இருந்தது. அந்தத் தைரியத்தில் புதிய துறையை முழுதாகக் கற்றுப் பார்த்தார். படித்த கணக்கும் வீண் போகவில்லை. வேறு இடத்தில் வேலைக்கு வந்தது.