டி. டி. கிருஷ்ணமாச்சாரி

டி. டி. கிருஷ்ணமாச்சாரி (நவம்பர் 26, 1899 - மார்ச் 7, 1974) தமிழகத்தைச் சேர்ந்த தொழிலதிபரும் அரசியல்வாதியும் ஆவார். டி.டி.கே. என்று பரவலாக அறியப்பட்டவர். இந்தியாவின் நிதியமைச்சராக இருமுறை (1956-1958, 1963-1965) பணியாற்றினார். முதல் முறை அவர் பதவி இழக்கக் காரணமாக இருந்தது முந்த்ரா பங்குக் கொள்முதல் விவகாரம்.

வாழ்க்கைக் குறிப்பு

சென்னையில் பிறந்த இவர் சென்னை கிறித்துவக் கல்லூரியில் பயின்றார். 1928 இல் டி.டி.கே. நிறுவனத்தைத் தொடங்கி, சோப்பு முதலிய நுகர்பொருட்களின் விநியோகத்தில் ஈடுபட்டார். 1937 இல் சென்னை மாகாண சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னர் காங்கிரசில் இணைந்தார். அரசியலமைப்பு வரைவுக் குழுவில் டி. பி. கைத்தான் மறைந்ததும் அவ்விடத்தில் உறுப்பினரானார். வரைவுப் பணியின் சுமை முழுவதும் அம்பேத்கர் ஒருவர் மீதே விழுந்தது என்பதை 1948 இல் அவையில் வெளிப்படையாகக் கூறியவர் இவரே. 1952 முதல் மத்திய வணிகம் மற்றும் தொழில் அமைச்சராகவும், 1956 ஆகத்து இறுதி முதல் நிதியமைச்சராகவும் இருந்தார். செல்வ வரியும் செலவு வரியும் இவர் காலத்தில் அறிமுகமாயின.

முந்த்ரா விவகாரம்

நாட்டுடைமையாக்கப்பட்ட 245 காப்பீட்டு அமைப்புகளை ஒன்றிணைத்து இந்திய ஆயுள் காப்பீட்டுக் கழகம் செப்டம்பர் 1956 இல் உருவானது. பெருநகரங்களிலும் உளுந்தூர்பேட்டை போன்ற சிற்றூர்களிலும் மாதச் சம்பளக்காரர்கள் கட்டிய பிரீமியமே இதன் நிதி. பல ஆண்டுகள் கழித்து பாலிசிதாரருக்கோ அவர் குடும்பத்துக்கோ திருப்பித் தரவேண்டிய பணம் என்பதால், இதில் பெரும்பகுதியை அரசுக் கடன் பத்திரங்களில் இடுவதே வழக்கம். கடன் பத்திரத்தில் வட்டியும் முதிர்வு நாளும் முன்கூட்டியே தெரியும். பங்கின் மதிப்போ நிறுவனத்தின் இலாபம், கடன், சொத்து, நிர்வாகத்தின் நாணயம் ஆகியவற்றைச் சார்ந்தது. சந்தையில் ஒருநாள் காணப்படும் விலை இவற்றையெல்லாம் காட்டிவிடும் என்று கொள்ள இயலாது. கூடுதல் பங்குகளைத் தம் கையில் வைத்திருப்பவர் அவ்விலையைச் செயற்கையாக உயர்த்தவும் முடியும்.

1957 சூனில் கழகம், கல்கத்தாவைச் சேர்ந்த பங்கு வணிகர் அரிதாசு முந்த்ராவின் ஆறு நிறுவனங்களின் பங்குகளை ஏறத்தாழ 1.25 கோடி ரூபாய்க்கு வாங்கியது. ஜெசாப், ரிச்சர்ட்சன் குருடாஸ், பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன் ஆகியன அவற்றுள் சில. முந்த்ரா அப்போது கடும் கடன் நெருக்கடியில் இருந்தார். கழகத்தின் முதலீட்டுக் குழு முன்கூட்டிக் கலந்தாலோசிக்கப்படவில்லை. பல பங்குகளுக்குச் சந்தை விலையை விடக் கூடுதலாகப் பணம் தரப்பட்டது.

இதனை டிசம்பர் 16, 1957 அன்று மக்களவையில் எழுப்பியவர் ஆளுங்கட்சியின் உறுப்பினரும் நேருவின் மருமகனுமான பெரோசு காந்தி. பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். சி. சாக்ளா விசாரணைக்கு நியமிக்கப்பட்டார். விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடந்தது. கூட்டம் மிகுந்ததால் வெளியே ஒலிபெருக்கிகளும் வைக்கப்பட்டன. இன்றைய ஆணையங்கள் ஆண்டுக்கணக்கில் நீள்வதோடு ஒப்பிட்டால், ஒரு மாத அளவில் இது முடிந்தது வியப்பே.

தளர்ந்திருந்த கல்கத்தா பங்குச் சந்தையைத் தாங்கவே பங்குகள் வாங்கப்பட்டன என்பது அதிகாரிகள் தரப்பின் விளக்கம். ஆணையம் இதை ஏற்கவில்லை. சந்தை முழுவதற்கும் உதவுவது நோக்கமெனில் ஒருவருடைய நிறுவனங்களின் பங்குகளை மட்டும், அதுவும் அவரிடமிருந்தே நேரடியாக வாங்கியிருக்க வேண்டியதில்லை. அப்பணம் சந்தைக்குச் செல்லாமல் முந்த்ராவிடமே சென்றது. கொள்முதல் தமது முடிவன்று என்று கிருஷ்ணமாச்சாரி கூறினார். எனினும், துறைச் செயலரின் செயலுக்கு அமைச்சரே பொறுப்பு என ஆணையம் முடிவு செய்தது. 1958 பிப்ரவரியில் இவர் பதவி விலகினார். அவ்வாண்டு வரவு செலவுத் திட்டத்தைப் பிரதமர் நேருவே தாக்கல் செய்ய நேர்ந்தது. (அன்றைய நிதித்துறைச் செயலர் எச். எம். பட்டேல் 1977 இல் தாமே நிதியமைச்சரானார்.)

மீண்டும் நிதியமைச்சர்

1962 தேர்தலில் திருச்செந்தூர் தொகுதியிலிருந்து போட்டியின்றித் தேர்வான கிருஷ்ணமாச்சாரி, 1963 இல் மீண்டும் நிதித்துறையை ஏற்றார். அவர் பொறுப்பில் யூனிட் டிரஸ்ட் ஆப் இந்தியா 1964 பிப்ரவரியில் நிறுவப்பட்டது. நிறுவனக் கணக்குகளை ஆராயும் வசதியற்ற சிறுமுதலீட்டாளர், பத்து ரூபாய் முகமதிப்புள்ள யூனிட்டை வாங்கினால், தேர்ச்சி பெற்றோர் பல நிறுவனங்களில் அதனைப் பிரித்து முதலீடு செய்வர் என்பது திட்டம். முந்த்ரா விவகாரத்தில் சிக்கியவரே இதைக் கொண்டுவந்தது குறிப்பிடத்தக்கது.

இதன் முதல் திட்டமான யு.எஸ்.-64 பல்லாண்டுகள் மிகுந்த நம்பிக்கையைப் பெற்றிருந்தது. ஆயினும் அதன் யூனிட் விலை நிகர சொத்து மதிப்பின்படி அன்றி நிர்வாகத்தால் அறிவிக்கப்பட்டு வந்தது. அறிவித்த விலைக்கும் உண்மை மதிப்புக்கும் இடைவெளி பெருகி, 2001 சூலையில் விற்பனையும் மறுகொள்முதலும் நிறுத்தப்பட்டன. நிறுவனம் 2003 இல் இரண்டாகப் பிரிக்கப்பட்டது.

பிரதமர் சாஸ்திரியுடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் 1965 டிசம்பரில் கிருஷ்ணமாச்சாரி மீண்டும் பதவி விலகினார். 1974 இல் காலமானார். சென்னையின் மௌபரீசு சாலை இவர் பெயரால் டி.டி.கே. சாலை எனப் பெயர் மாற்றப்பட்டது.