யார் இந்த சி.ராமச்சந்திரா? தமிழ்ப் படத்தில் தொடங்கி, ஜாஸை சினிமா பாட்டாக மாற்றிய இசையமைப்பாளரின் கதை

'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்தில் பத்மினியும் வைஜெயந்திமாலாவும் ஆடும் போட்டி நடனத்தைப் பார்க்காத தமிழ் ரசிகர்கள் குறைவு. 1958-ல் வந்த அந்தப் பாட்டு இன்றைக்கும் டிவியில் ஓடுது, ரீல்ஸில் ஓடுது. ஆனால் இசையமைத்தது யார் என்று கேட்டால் பலருக்கும் சட்டென்று பெயர் வராது.

அவர் சி.ராமச்சந்திரா. முழுப்பெயர் ராமச்சந்திர நர்ஹர் சிதல்கர். சொந்த மாநிலம் மகாராஷ்டிரா. இந்தப் படத்துக்கு ஒரு வருஷம் முன்னாடிதான், இந்தியில் 'ஈனா மீனா டீகா' என்ற பாட்டில் கிஷோர் குமாரைத் துள்ளிக் குதிக்க வைத்திருந்தார். அதுவும் இதுவும் ஒரே ஆளின் வேலையா என்று ஆச்சரியமாக இருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இந்தியாவில் ஜாஸ் இசை பரவிய கதை இருக்கிறது.

முதல் வாய்ப்பு தந்தது தமிழ் சினிமா

1918 ஜனவரி 12-ல் மகாராஷ்டிராவின் புண்தாம்பாவில் பிறந்தார் ராமச்சந்திரா. விநாயக்புவா பட்வர்தனிடம் இந்துஸ்தானி சங்கீதம் படித்தார். சினிமாவுக்கு வந்தது இசைக்காக இல்லை, நடிக்க. 1935-ல் ஒய்.வி.ராவ் எடுத்த 'நாகானந்த்' படத்தில் ஹீரோ வேஷம். (இதே ஒய்.வி.ராவ்தான் 1937-ல் பாகவதரை வைத்து 'சிந்தாமணி' எடுத்தவர்.) படம் ஓடவில்லை. அதன்பிறகு சோராப் மோடியின் மினர்வா மூவிடோனில் சின்னச் சின்ன வேஷம், கூடவே ஆர்மோனியம் வாசிக்கும் வேலை.

அங்கிருந்து அவரை இசையமைப்பாளராக்கியது தமிழ்ப் படங்கள்தான். பகவான் இயக்கிய 'ஜெயக்கொடி', 'வனமோகினி' படங்களுக்கு அவர் இசையமைத்தார். எம்.கே.ராதாவும் கே.தவமணி தேவியும் நடித்து 1941-ல் வந்த காட்டுக் கதை 'வனமோகினி'. தாய்மொழி மராத்தி, படித்தது இந்துஸ்தானி, முதல் மெட்டு தமிழுக்கு. 1942-ல் 'சுகி ஜீவன்' மூலம் இந்தியில் கால் பதித்தார்.

சரி, ஜாஸ் என்றால் என்ன?

அம்பத்தூர், ஆவடி பக்கம் கல்யாண ஊர்வலத்தில் போகிற பேண்டு செட்டை நினைத்துப் பாருங்கள். டிரம்பெட், கிளாரினெட், சாக்ஸபோன், டிரம். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் கறுப்பின மக்களின் ஊர்வலங்களில் வாசித்ததும் ஏறக்குறைய இதே வாத்தியங்கள்தான். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த பேண்டு இசை, புளூஸ், தேவாலயப் பாட்டு எல்லாம் கலந்து ஜாஸ் உருவானது.

அதன் அடையாளங்கள் மூன்று. ஒன்று, தாளத்தை ஒரே சீராகத் தட்டாமல் நீட்டியும் குறுக்கியும் ஊசலாட விடும் 'ஸ்விங்'. இரண்டு, ஒருவர் கேட்க மற்றவர்கள் பதில் சொல்வது போன்ற அமைப்பு. மூன்று, மேடையிலேயே கற்பனையாக விரித்து வாசிப்பது. இந்த மூன்றாவது நமக்குப் புதுசு இல்லை, கச்சேரியில் நடக்கும் மனோதர்மம் மாதிரிதான்.

பம்பாய்க்கு வந்தது எப்படி?

1930-களில் பம்பாய் தாஜ் மஹால் ஹோட்டலில் லியோன் அபே, கிரிக்கெட் ஸ்மித், பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்டு போன்ற கறுப்பின அமெரிக்கக் கலைஞர்கள் வாசித்தார்கள். சொந்த நாட்டில் நிறவெறியால் கிடைக்காத மரியாதையும் சம்பளமும் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் கிடைத்ததும் அவர்கள் கடல் கடந்து வந்ததற்கு ஒரு காரணம்.

அவர்களிடம் கற்றுக்கொண்டவர்கள் கோவா கலைஞர்கள். போர்ச்சுகீசியர் காலத்து தேவாலயப் பள்ளிகளில் சின்ன வயதிலேயே வயலினும் மேற்கத்திய இசைக்குறிப்பும் படித்தவர்கள். அவர்களில் ஒருவர் அல்டோனாவில் பிறந்த அன்டோனியோ சேவியர் வாஸ். மேடைப் பெயர் 'சிக் சாக்லேட்'. டிரம்பெட்டில் அவரை இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங் என்றே அழைத்தார்கள்.

ராத்திரி ஹோட்டல், பகலில் ஸ்டூடியோ

ஹோட்டலில் ஜாஸ் கேட்டவர்கள் பணக்காரர்களும் வெள்ளைக்காரர்களும்தான். சாமானிய மக்கள் அந்த வாசலைக்கூட மிதித்ததில்லை. அந்த இசையை நாலணா டிக்கெட்காரர்களிடம் கொண்டுபோனது சினிமா. அதில் ராமச்சந்திராவின் பங்கு மிகப் பெரியது.

வேலை நடந்த விதம் இப்படி: இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் மெட்டுப் போடுவார். கோவா கலைஞர்கள் அதை இசைக்குறிப்பாக எழுதி, எந்த இடத்தில் டிரம்பெட், எந்த இடத்தில் சாக்ஸபோன், வயலின்கள் எப்படி ஒன்றோடொன்று சேர வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பார்கள். அப்படி ராமச்சந்திராவுக்கு வலது கையாக இருந்தவர் சிக் சாக்லேட்.

1947-ல் 'ஷெஹனாய்', 1949-ல் 'பதங்கா', 1950-ல் 'சமாதி' என்று வரிசையாக ஹிட். உச்சம் 1951-ல் வந்த 'அல்பேலா'. பகவானே இயக்கி, கீதா பாலியுடன் நடித்த படம். பாங்கோ, டிரம்பெட், கிளாரினெட், சாக்ஸபோன் என்று துள்ளிய பாட்டுகளுக்குத் தியேட்டரில் ஆடாதவர் இல்லை. ஒரு பாட்டில் சிக் சாக்லேட்டும் அவரது குழுவும் திரையிலேயே வந்தார்கள். அந்தப் படம் 'நல்ல பிள்ளை' என்று தமிழில் டப் ஆகி 1953-ல் வந்தது. ஜாஸ் என்ற பெயரே தெரியாமல் தமிழ் ரசிகர்கள் ஜாஸ் கேட்டார்கள்.

எதிர்ப்பும் விமர்சனமும்

எல்லாரும் இதை ரசிக்கவில்லை. 1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கர், சினிமா பாட்டில் மேற்கத்திய வாடை அதிகம் என்று நினைத்தவர். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் சினிமா பாட்டு ஏறக்குறைய காணாமல் போனது. ஜனங்கள் ரேடியோ சிலோன் பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

இன்னொரு விமர்சனம், காப்பி அடித்தார் என்பது. 'சமாதி' படத்தின் புகழ்பெற்ற பாட்டு ஒன்று, 1945-ல் ஹாலிவுட் நடிகை கார்மென் மிராண்டா பாடிய பாட்டை ஒட்டியது. இதை மறுக்க முடியாது. ஆனால் சாஸ்திரிய சங்கீதம் தெரியாமல் அவர் மேற்கே ஓடினார் என்றும் சொல்ல முடியாது. 1953-ல் 'அனார்கலி' படத்துக்கு அவர் போட்ட மெட்டுகள் முழுக்க ராகங்களின் மேல் நின்றவை.

உண்மையில் நியாயம் கிடைக்காமல் போனது வேறு ஒரு தரப்புக்கு. ஜாஸை ஸ்டூடியோவுக்குள் கொண்டுவந்த கோவா கலைஞர்களில் பெரும்பாலானோரின் பெயர் டைட்டில் கார்டிலும் வரவில்லை, இசைத்தட்டிலும் வரவில்லை. 1967-ல் சிக் சாக்லேட் இறந்தபோது, அவர் டிரம்பெட்டைக் கேட்டு ஆடிய லட்சக்கணக்கானவர்களுக்கு அவர் யார் என்றே தெரியாது.

மீண்டும் தமிழ்நாடு

1955-ல் கோவை பட்சிராஜா ஸ்டூடியோ, எம்.ஜி.ஆரின் 'மலைக்கள்ளன்' கதையை திலீப் குமாரை வைத்து 'ஆசாத்' என்று இந்தியில் எடுத்தது. இயக்கம் எஸ்.எம்.ஸ்ரீராமுலு நாயுடு. குறைந்த நாளில் எல்லாப் பாட்டும் வேண்டும் என்றதால் நௌஷாத் மறுக்க, ராமச்சந்திரா முடித்துக் கொடுத்தார் என்பார்கள். 1957-ல் 'ஈனா மீனா டீகா' வந்த 'ஆஷா' படத்தின் இயக்குநர், ஏவிஎம் படங்களில் பெயர் வாங்கிய எம்.வி.ராமன்.

அடுத்த வருஷம் ஜெமினி எஸ்.எஸ்.வாசன் அழைத்தார். 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' போட்டி நடனத்துக்கு வரிகள் கொத்தமங்கலம் சுப்பு, குரல் பி.லீலா, ஜிக்கி. நடுவில் பி.எஸ்.வீரப்பா பேசும் வசனம் இன்றும் பிரபலம். பாட்டில் டிரம்பெட் துள்ளல் இல்லை. ஆனால் அமைப்பைக் கவனியுங்கள்: ஒருவர் சவால் விட, அடுத்தவர் பதில் சொல்ல, வேகம் ஏறிக்கொண்டே போகும். நம்ம ஊர் தனி ஆவர்த்தனத்திலும் இது உண்டு, ஜாஸ் மேடையிலும் உண்டு. இரண்டையும் அறிந்தவர் கையில் அது அழகாக வந்து உட்கார்ந்தது.

கடைசி காலம்

1963 ஜனவரி 27. சீனப் போர் முடிந்த நேரம். கவி பிரதீப் எழுதிய பாட்டை டெல்லியில் பிரதமர் நேரு முன்னிலையில் லதா மங்கேஷ்கர் பாடினார். போரில் உயிரிழந்த வீரர்களுக்கான அந்த அஞ்சலிப் பாட்டுக்கும் இசை ராமச்சந்திராதான். 60-களில் இந்திப் பட வாய்ப்புகள் குறைந்தன. மராத்தியில் படம் எடுத்தார், 1977-ல் சுயசரிதை எழுதினார். 1982 ஜனவரி 5-ல் பம்பாயில் காலமானார். வயது 63.

ஜாஸ் எங்கே போனாலும் அந்த ஊர்ப் பாட்டோடு கலந்துதான் வாழ்ந்திருக்கிறது. இந்தியாவில் அது கலந்த இடம் சினிமா பாட்டு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் முணுமுணுக்கும் அளவுக்கு அதை எளிமையாக்கியவர்களில் ராமச்சந்திரா முக்கியமானவர். அடுத்த முறை அந்தப் போட்டி நடனம் டிவியில் வந்தால் அவர் பெயரையும் சொல்லலாம். 'அல்பேலா' பாட்டு காதில் விழுந்தால், டிரம்பெட் வாசித்தவரின் பெயரையும் சேர்த்துச் சொல்லலாம்.